‘எல்லாம் அடக்கம்’ – உல்லாசத் தீவின் விடுமுறை பற்றி ஒரு சிந்தனை

வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். தென்கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். வாப்பாவும் உம்மாவும் ஹஜ்ஜை நிறைவேற்றி விட்டவர்கள். இந்த ஆண்டு விடுப்பில் வரும்போது, அவ்விருவரையும் மனைவி மக்களையும் மாலத்தீவுக்கு அழைத்துச் சென்று, ஏதேனும் ஓர் உல்லாச விடுதியில் ஆறு நாட்கள் தங்க வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அறை, மூன்று வேளை உணவு, இடையிடையே சிற்றுண்டி, பானங்கள், படகுச் சவாரி ஆகிய அனைத்துக்கும் சேர்த்து ஒரே கட்டணம். ‘ஆல் இன்க்ளூசிவ்’ என்று இதற்கு ஆங்கிலத்தில் பெயர். நம் ஊர்க்காரர் ‘எல்லாம் அடக்கம்’ என்று சொல்லிவிட்டுப் போவார்.

“நாற்பது வருடம் அடுப்படியில் நின்றவர் என் உம்மா. ஆறு நாளாவது அவர் கையால் ஒரு பாத்திரம் கழுவக் கூடாது” என்று எழுதியிருந்தார் அந்த அன்பர். வாப்பாவின் பதிலோ வேறாக இருந்திருக்கிறது. “அங்கே சாராயம் தண்ணீராக ஓடுமாமே! அந்தக் காசுக்கு இன்னொரு உம்ரா போய் வரலாமே!” என்றாராம். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவேதான் அவர் நம்மிடம் கேட்கிறார்.

ஒரு வரியில் ‘கூடும்’ என்றோ ‘கூடாது’ என்றோ எழுதி அனுப்பிவிடலாம். ஆனால், இன்று நம் சமுதாயத்தில் பல வீடுகளில் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. எனவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

இவ்வகை விடுமுறை ஐரோப்பியர் கண்டுபிடித்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்தாண்டுகள் ஆன பின், 1950-இல், ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜிய நாட்டவர் ஸ்பெயினுக்குச் சொந்தமான மயோர்க்கா தீவின் கடற்கரையில் கூடாரங்கள் அடித்து, ‘கிளப் மெடிட்டரானே’ என்ற பெயரில் இதைத் தொடங்கினார். முன்கூட்டியே ஒரு தொகையைக் கட்டிவிட வேண்டும். அங்கே போன பிறகு பணப்பையைத் தொட வேண்டியதில்லை. போரில் நொந்த மக்களுக்கு அது பெரும் ஆறுதலாக இருந்தது. பின்னர் இம்முறை கரீபியன் தீவுகளுக்கும், துருக்கியின் அந்தாலியா கடற்கரைக்கும், மாலத்தீவுக்கும் பரவிற்று.

முதலில் வாப்பாவுக்கு ஒரு சொல். ஓய்வும் களிப்பும் மார்க்கத்துக்குப் பகை என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு பிரயாணத்தின்போது, உடன் வந்தோரை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். அம்முறை அன்னையார் வென்றார்கள். காலம் சென்று, அன்னையாரின் உடல் சற்றுப் பருத்த பின் மீண்டும் ஓடினார்கள். இம்முறை நபி (ஸல்) அவர்கள் வென்று, முந்தைய தோல்விக்கு இது ஈடாயிற்று என்று சிரித்தார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. உம்மத்தின் சுமை முழுவதையும் தோளில் தாங்கியவர்கள், மனைவியின் மகிழ்ச்சிக்காகப் பிரயாணத்தை நிறுத்தி நேரம் ஒதுக்கினார்கள். பிறர் கண்ணில் படாமல் அதைச் செய்தார்கள் என்பதையும் சேர்த்தே நாம் கவனிக்க வேண்டும்.

நம் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில் ஒரு நுட்பமான செய்தி வருகிறது. ஓர் ஊருக்கு இரண்டு வழிகள். குறுகிய வழி கஸ்ருக்குரிய தூரம் இல்லை, நீண்ட வழிக்கு அந்தத் தூரம் உண்டு. ஒருவர் நீண்ட வழியில் போனால் தொழுகையைச் சுருக்கலாமா? தக்க காரணம் இருந்தால் சுருக்கலாம் என்பர் இமாம்கள். தக்க காரணங்களைச் சொல்லி வரும்போது, பாதுகாப்பு, வழியின் எளிமை ஆகியவற்றுடன் ‘தனஸ்ஸுஹ்’ என்பதையும் இப்னு ஹஜர் (ரஹ்) போன்றோர் சேர்க்கின்றனர். மனத்துக்கு இன்பம் தரும் இடத்தில் உலாவி இளைப்பாறுதல் என்பது அதன் பொருள். நோக்கமின்றி ஊர்களை வெறுமனே பார்த்துத் திரிவதை இதில் அவர்கள் சேர்ப்பதில்லை. இளைப்பாறுவதை ஒரு தகுந்த நோக்கம் என்றே நம் முன்னோர் கருதியிருக்கின்றனர்.

அடுத்து உம்மாவின் விஷயத்துக்கு வருவோம். இந்தக் கடிதத்தில் நம் நெஞ்சைத் தொட்டது அதுதான். சமைப்பதும் துவைப்பதும் மனைவியின் மார்க்கக் கடமை என்று நம் ஆண்களில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஷாஃபிஈ ஃபிக்ஹு அப்படிச் சொல்லவில்லை. உண்ணத் தக்க நிலையில் உணவைத் தருவது கணவனின் பொறுப்பு. தானியத்தைக் கொடுத்தால் அதை அரைத்துச் சமைப்பதற்கான செலவும் அவனையே சாரும் என்று நம் நூல்கள் கூறுகின்றன. நாற்பதாண்டுகளாக அந்தத் தாய் செய்து வந்தது உபகாரம். நோன்பு காலத்தில் சஹருக்கு எல்லாருக்கும் முன்னால் எழுந்து, இஃப்தாருக்கு எல்லாருக்கும் பின்னால் நோன்பு திறந்தது உபகாரம். பெருநாளன்று வீடே புத்தாடையில் இருக்க, அவர் மட்டும் புகையில் நின்றதும் உபகாரமே. உபகாரத்துக்குப் பதில் உபகாரம் செய்ய மகன் எண்ணுகிறார். உம்மாவை உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போனால் அங்கும் அடுப்படிக்குள் புகுந்து விடுவார். வாடகை வீடு பிடித்தால் மறுநாளே மிளகாய் அரைக்க அம்மியைத் தேடுவார். அவரை உண்மையில் உட்கார வைக்க வேண்டுமானால், சமையலறைப் பக்கம் போகவே வழியில்லாத இடமாக அது இருக்க வேண்டும். ‘எல்லாம் அடக்கம்’ என்பதன் முதல் நன்மை இதுவே. ஏனைய நன்மைகளை நாம் பெரிதாக மதிக்கவில்லை. செலவு முன்பே தெரிந்துவிடும், கடன் பட நேராது என்பதை மட்டும் ஒரு நன்மையாகக் குறித்துக் கொள்ளலாம்.

இந்த ஒப்பந்தமே செல்லுமா என்று சிலர் ஐயுறுகின்றனர். எவ்வளவு உண்பார் என்பது தெரியாமல் விலை பேசினால், மார்க்கம் தடுத்த ‘கரர்’ எனும் மயக்க வியாபாரம் ஆகிவிடாதா? 2014-இல் சவூதி அரேபியாவில், ‘பஃபே’ விருந்தைப் பற்றி இதே கேள்வி எழுந்து பெரிய விவாதமே நடந்தது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில் இதற்கு வழி காட்டுகிறார்கள். கூலி கொடுத்துக் குளிக்கும் ஹம்மாமில், ஒருவர் இரண்டு குவளைத் தண்ணீருடன் எழுந்து விடுவார், மற்றொருவர் அரை நாள் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் விற்பவரிடம் காசு கொடுத்துக் குடிப்போரும் ஒரே அளவு குடிப்பதில்லை. ஆயினும் இவை கூடும் என்பதில் முஸ்லிம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை என்கிறார்கள் இமாமவர்கள். தேவையும் வழக்கமும் இருந்து, அறியாமை சிறிதளவே இருந்தால் அது பொறுக்கப்படுகிறது. உல்லாச விடுதியின் உணவு மேசையும் இவ்வகையைச் சேர்ந்தது என்பதே நம் எண்ணம்.

ஒப்பந்தம் செல்லும். ஆனால் அந்த மேசையின் முன் நிற்கும் மனிதன் என்னவாகிறான்?

இதில் நம் சொந்த அனுபவத்தையே சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், உறவினர் ஒருவரின் வற்புறுத்தலால் வெளிநாட்டில் இவ்வகை விடுதி ஒன்றில் மூன்று நாட்கள் தங்க நேர்ந்தது. முதல் நாள் காலை தட்டைக் கையில் எடுத்தபோது நமக்குப் பசி அவ்வளவாக இல்லை. ஆனால் மனம் ஒரு கணக்குப் போட்டது: ‘இதற்கெல்லாம் பணம் கொடுத்தாயிற்று, உண்ணாவிட்டால் நஷ்டம்.’ ரொட்டி, முட்டை, இறைச்சி, மூன்று வகைப் பழம், பெயர் தெரியாத இனிப்பு என்று தட்டு நிரம்பிற்று. பாதி உண்டதும் வயிறு மறுத்தது. மீதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தோம். ஒரு பணியாள் வந்து முகத்தில் எந்தச் சலனமும் இன்றி அதை வாளியில் கொட்டினார். அவரும் கலிமாச் சொன்னவர் என்பதை மாலையில் பள்ளியில்தான் அறிந்தோம். நமக்கு இரண்டு ஸஃப் முன்னால் நின்றிருந்தார். விரலில் ஒட்டிய பருக்கையையும் விட்டுவிட வேண்டாம் என்று கற்பித்த நபியின் உம்மத்தாகிய நாம், அவர் கண்முன்னே செய்த காரியம் அது.

திருமறையின் 7-ஆம் அத்தியாயம் 31-ஆம் வசனம் உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே இடத்தில் விரயத்தைத் தடுக்கிறது. வீட்டில் இருக்கும்போது இதைக் கடைப்பிடிப்பது எளிது. சட்டியில் இருப்பது அவ்வளவுதான். நம் கடலோர ஊர்களில் விருந்தென்றால் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து உண்கிறோம். பக்கத்திலிருப்பவரின் கை எவ்வளவு எடுக்கிறது, அவருக்கு இறைச்சித் துண்டு கிடைத்ததா என்று பார்த்தே நம் கை போகும். உல்லாச விடுதியில் ஒவ்வொருவரும் தனித் தட்டுடன் தனியாக நடக்கிறார்கள். அளவு சொல்ல சட்டியும் இல்லை, சஹனும் இல்லை. இரண்டாம் நாள் முதல் நாம் சிறிய தட்டை எடுத்தோம். பசித்தால் மட்டும் மீண்டும் எழுந்து போனோம். பிள்ளைகளுடன் போகிறவர்கள் முதல் வேளையே இதைச் சொல்லிவிடுவது நல்லது. ‘காசு கொடுத்தாயிற்றே’ என்று பெற்றோரே சொன்னால் பிள்ளைகள் வேறு என்ன கற்பார்கள்?

இனி, வாப்பா அஞ்சிய விஷயம். மாலத்தீவு முழுமையான முஸ்லிம் நாடு. குடியுரிமைக்கே இஸ்லாம் நிபந்தனை என்று 2008-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் கூறுகிறது. ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு தீவுகளில், மக்கள் வாழ்பவை இருநூறுக்கும் குறைவு. 1972-இல் முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டபோது அந்நாட்டார் ஒரு வழியைக் கைக்கொண்டனர்: ஒரு தீவுக்கு ஒரு விடுதி, அதுவும் ஆள் இல்லாத தீவில். மக்கள் வாழும் தீவுகளில் மது விற்பனை இல்லை. விடுதித் தீவுகளில் உண்டு. பள்ளிவாசல் ஒரு தீவில், மதுக்கூடம் மறு தீவில், நடுவே கடல்! இது சாதுரியமா, சமாளிப்பா என்று அந்நாட்டாரே இன்றும் வாதிடுகின்றனர்.

‘எல்லாம் அடக்கம்’ என்ற கட்டணத்தில் பெரும்பாலும் மதுவும் அடக்கம். நாம் ஒரு சொட்டும் தொடமாட்டோம். ஆனால் விலையை எல்லாருக்கும் பொதுவாகத்தான் போட்டிருக்கிறார்கள். குடிக்காதவர் கட்டிய பணத்தில் குடிப்பவரின் கோப்பையும் ஓரளவு நிரம்புகிறது. நாம் அதை வாங்கவில்லை, நம் நிய்யத்தில் அது இல்லை என்பது உண்மையே. ஆயினும், தவிர்க்க வழி இருக்கும்போது தவிர்ப்பதே பேணுதல். வழியும் இருக்கிறது. அநேக விடுதிகளில் உணவுக்கு மட்டும் பணம் கட்டும் திட்டம் தனியாக உண்டு. ‘ஃபுல் போர்டு’ என்பார்கள். மூன்று வேளை உணவு அதில் அடங்கும், மது அடங்காது, விலையும் குறைவு. உம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதானே? மேலும், மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதையே தடுக்கும் ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. பொது உணவுக் கூடத்தில் அடுத்த மேசையில் புட்டி திறந்தால் என்ன செய்வது என்று போகுமுன் யோசிக்க வேண்டும், போன பின் அல்ல. துருக்கியில் 1990-களிலிருந்தே மது இல்லாத கடற்கரை விடுதிகள் நடக்கின்றன. பெண்களுக்கென மறைவான நீச்சல் குளங்களும் அங்கே உண்டு. அவ்ரத்தைப் பற்றிய கவலைக்கு அது பெரிய விடை. தாயையும் மனைவியையும் பாதி உடையில் திரிவோரின் நடுவே உட்கார வைத்துவிட்டு அதற்கு ஓய்வு என்று பெயர் சூட்ட நம் அன்பரும் விரும்ப மாட்டார்.

நாம் அதிகம் கவலைப்படுவது வேறொன்றுக்காக. அந்த வேலிக்காக.

மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்றொரு சிறிய நாடு உண்டு. மக்களில் மிகப் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். குளிர்காலத்தில் ஐரோப்பியர் அங்கே வெயில் காய வருவர். கடற்கரையில் பழம் விற்பவர், சிறு உணவுக் கடை வைத்திருப்பவர், வாடகைக் கார் ஓட்டுநர் என்று பலருக்கு அதில் பிழைப்பு. ‘எல்லாம் அடக்கம்’ வந்ததும் விருந்தாளிகள் வெளியே வருவது குறைந்தது. உள்ளே எல்லாம் கிடைக்கும்போது, வெளியே போய் மாம்பழம் வாங்க அவர்களுக்கு என்ன தேவை? சிறு வியாபாரிகள் குரல் எழுப்பினர். 1999-இல் அரசு அம்முறையையே தடை செய்தது. வெளிநாட்டுச் சுற்றுலா நிறுவனங்கள் தம் விருந்தாளிகளை வேறு நாடுகளுக்குத் திருப்பிவிடும் என்ற அச்சம் எழுந்தது. ஓராண்டளவில் தடை விலக்கப்பட்டது. பழக்காரர் தோற்றார் என்றுதான் சொல்ல வேண்டும்.

செல்வந்தர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமாவை, உணவுகளிலேயே கெட்டது என்று சொல்லும் அறிவிப்பு புகாரியில் உண்டு. அது திருமண விருந்தைப் பற்றியது. அப்படியே தூக்கி இதில் பொருத்திவிட நாம் துணியவில்லை. ஆனால், ஓர் ஊருக்குப் போய் ஆறு நாள் உண்டு உறங்கி, அவ்வூர்க்காரர் ஒருவருடைய வீட்டு வாசலைக்கூடக் காணாமல் திரும்பி வருவதைப் பயணம் என்று எப்படிச் சொல்வது?

மாலத்தீவு நமக்கு அந்நியமும் அன்று. தூத்துக்குடியிலிருந்து தோணிகள் காய்கறியும் கட்டடப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு போகும் ஊர் அது. நம் வீட்டுச் சம்பலில் விழும் மாசி அந்தக் கடலின் மீன். அங்கே காழியாக இருந்த இப்னு பதூதா, 1344-இல் அத்தீவுகளை விட்டு இலங்கை வழியாக நம் கரைக்கு வந்தார்; அன்றைய மதுரைச் சுல்தான் அவருக்குச் சகலை முறை! (தீவுப் பெண்களின் உடையைத் திருத்த முயன்று தாம் தோற்றதையும் அவர் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார், காழிகளுக்கும் எல்லாம் முடிவதில்லை.) இத்தனை உறவுள்ள நாட்டுக்குப் போய், வேலிக்குள்ளேயே இருந்து வருவது நமக்குச் சரியாகப் படவில்லை.

நல்ல வேளையாக இப்போது அங்கே வேறு வழியும் உண்டு. 2009-க்குப் பின் மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் பெருகியுள்ளன. வீட்டுக்காரரே உணவும் தருவார், பாங்கு காதில் விழும், மது இல்லை. வெளிநாட்டார் குளிக்கவென்று சில தீவுகளில் தனிக் கரை ஒதுக்கியிருக்கிறார்கள். அதை விட்டு விலகிக் கொள்ளலாம். கொடுக்கும் காசு அந்தத் தீவின் குடும்பங்களுக்கே போகிறது. பளிங்குக் குளமும் பட்டு மெத்தையும் இராது, கடல் ஒன்றுதான்.

குப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1992-இலிருந்து மாலே நகருக்கு அருகே திலஃபுஷி என்ற இடத்தில் கழிவைக் கொட்டிக் கொட்டி ஒரு தீவே உருவாகியிருக்கிறது. நாம் தட்டில் விட்டு எழுவதும் எங்கோ போய்ச் சேரத்தான் வேண்டும்.

எங்கே தங்கினாலும் தொழுகை விஷயத்தில் மூன்று செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். பல விடுதித் தீவுகள், மாலே நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகத் தம் கடிகாரத்தை வைத்துக் கொள்கின்றன. விருந்தாளிகளுக்கு மாலை வெளிச்சம் நீண்டு கிடைக்க வேண்டுமாம். மாலேயின் தொழுகை அட்டவணையை அந்தக் கடிகாரத்தோடு சேர்த்துப் படித்தால், வக்து வருமுன்பே தொழுதுவிட நேரும். ஆகவே கைக்கடிகாரத்தை மாலே நேரத்தில் வைத்துக் கொள்க. இரண்டாவது கஸ்ரு. போகும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாட்கள் தங்கும் நிய்யத்துடன் ஓரிடம் சேர்ந்தால், ஷாஃபிஈ மத்ஹபினர் அங்கே முழுமையாகத் தொழ வேண்டும். ஹனஃபி மத்ஹபினருக்கு அந்த எல்லை பதினைந்து நாட்கள். மூன்றாவது ஜும்ஆ. அவ்வாறு நான்கு நாட்கள் தங்க நிய்யத் செய்த ஷாஃபிஈ ஆண், மக்கள் வாழும் தீவில் இருந்தால், அவர்மீது ஜும்ஆ கடமையாகும். விடுதித் தீவில் அது நடைபெறாவிடில் லுஹரைத் தொழுது கொள்ளலாம். ஆயினும், ஒரு வெள்ளியை வேண்டுமென்றே அப்படிக் கழிக்கத் திட்டமிடுவது மனத்துக்கு உவப்பாக இல்லை.

உம்ராவைப் பற்றி வாப்பா சொன்னதற்கு வருவோம். உம்ராவின் சிறப்பை யார் மறுப்பார்? ஆனால் அந்த உம்ரா யாருக்காக? வாப்பா ஆசைப்படுகிறார், மகனோ உம்மாவைப் பற்றி எழுதுகிறார். உம்மாவின் ஆசை என்ன என்று இரு பக்கக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை! அவருடைய விருப்பம் கஅபாவாக இருந்தால் கேள்வியே முடிந்தது. கடற்காற்றாக இருந்தால், கடனின்றி, ஜகாத்தில் குறை வைக்காமல், வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் கூலியைப் பிடிக்காமல் மகன் அதைச் செய்து கொடுப்பதில் நாம் குற்றம் காணவில்லை. மது கலந்த கட்டணம் வேண்டாம். மக்கள் வாழும் தீவு மேல். இதையே எழுதி, முதலில் உம்மாவிடம் கேட்கும்படியும் பதில் அனுப்பினோம்.

சென்ற வாரம் மறு கடிதம் வந்தது. உம்மாவிடம் கேட்டாராம். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, “மாசி எப்படிச் செய்கிறார்கள் என்று ஒருநாள் போய்ப் பார்க்கலாமா? பார்க்க மட்டும்தான், நான் எதையும் தொட மாட்டேன்” என்றாராம். மகன் விருந்தினர் இல்லம் ஒன்றுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். வாப்பாவும் வருகிறார், பள்ளிவாசல் எத்தனை அடி தூரம் என்று மட்டும் கேட்டு எழுதச் சொன்னாராம்.